கோபுரம் இல்லாத வானத்தில் யார் யாருக்கு வழிவிடுவது?

பொல்கொல்ல அணைக்கட்டை எங்களில் பலர் பஸ் ஜன்னலால்தான் பார்த்திருப்போம். கண்டி நகரத்திலிருந்து சில கிலோமீற்றர் தூரம்தான். மகாவலித் திட்டத்தின் முதல் கட்டத்தில் கட்டி 1976இல் திறந்தார்கள். இங்கே மறிக்கப்படும் தண்ணீர் மலையைக் குடைந்த சுமார் 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தால் உக்குவளை மின்நிலையத்துக்குப் போகிறது. இவ்வளவும் பள்ளிக்கூடப் புவியியலில் படித்ததுதான். அந்தத் தண்ணீர்தான் கண்டியின் விமான நிலையமும் என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

முதலில் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் 'எயார் டக்ஸி', பிறகு 2013இல் தொடங்கிய சினமன் எயார் என்று, கண்டிக்கு விமானத்தில் வருகிறவர்கள் இறங்குவது இந்த நீர்த்தேக்கத்தில். சினமன் எயார் ஓட்டுவது செஸ்னா கரவான் வகைச் சின்ன விமானம். அடியில் மிதவையும் மிதவைக்குள் சக்கரமும் இருக்கும். கட்டுநாயக்கவில் ஓடுபாதையில் எழும்பி இங்கே தண்ணீரில் இறங்கலாம். கட்டுநாயக்கவில் கோபுரம் அனுமதி சொன்னால்தான் எழும்ப முடியும். பொல்கொல்லவில் ஓடுபாதையும் இல்லை, 'இறங்கு' என்று சொல்லக் கோபுரமும் இல்லை. சுற்றிவர மலை, நடுவில் தண்ணீர், மேலே விமானி.

அப்படியென்றால் ஒரே நேரத்தில் இரண்டு விமானம் வந்தால் யார் முதலில் இறங்குவது? அதை யார் சொல்வது? எங்கள் குழுவில் இந்தக் கேள்வி எழும்பியபோது, இன்றைக்கு அங்கே வந்துபோகும் விமானங்கள் மிகக் குறைவு, பிரச்சினையில்லை என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் கேள்விக்குப் பின்னால் நூறு வருசத்துக்கும் மேலான ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பெரும்பகுதி இரத்தத்தால் எழுதியது.

ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே பிரித்து வைத்துவிடுவோம். இலங்கையில் நடுவானில் மோதல் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது 2011 மார்ச் 1. விமானப்படையின் 60ஆவது ஆண்டு நிறைவுக்கான ஒத்திகையில் இரண்டு கிபிர் விமானங்கள் கம்பஹா மாவட்டத்தில் யக்கல பக்கம் மோதி ஒரு விமானி இறந்தார். அது வேண்டுமென்றே நெருங்கிப் பறக்கும் அணிவகுப்பு. நாங்கள் பேசுவது ஒருவரையொருவர் தெரியாமல், தங்கள் பாட்டில் ஒரே இடத்துக்கு வந்து சேருகிறவர்களைப் பற்றி.

விமானம் வந்த காலத்திலேயே கோபுரமும் வந்துவிட்டது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அப்படியில்லை. உலகத்தில் பதிவான முதல் நடுவான் மோதல் 1910 ஒக்டோபரில், இத்தாலியின் மிலான் நகரத்தில் ஒரு விமானக் காட்சியில் நடந்தது. பிரெஞ்சுக்காரர் ரெனே தோமாவின் விமானம் மேலேயிருந்து இறங்கி, கீழே பறந்துகொண்டிருந்த பிரித்தானியர் பேர்ட்ரம் டிக்சனின் விமானத்தின் மேலேயே விழுந்தது. இருவரும் உயிர் தப்பினார்கள், டிக்சனுக்குப் பலத்த காயம். மேலே இருப்பவருக்குக் கீழே தெரியாது, கீழே இருப்பவருக்கு மேலே தெரியாது. 1910இல் நடந்த இந்தச் சங்கதியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்க, திரும்ப வரும்.

1919இல் பாரிஸில் நாடுகள் கூடி வான்பயணத்துக்கு ஓர் ஒப்பந்தம் எழுதின. வழிவிடும் விதிகளைப் புதிதாக யோசிக்காமல் கப்பல்காரர்களிடமிருந்து கடன் வாங்கினார்கள். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், உன் வலப்பக்கத்தில் இருப்பவருக்கு நீ வழிவிட வேண்டும். முந்துவதென்றால் வலப்பக்கமாக விலகி முந்த வேண்டும். வீதியில் இடப்பக்கம் போய்ப் பழகிய எங்களுக்கு இது தலைகீழ். ஆனால் கடலுக்கும் வானுக்கும் பிரித்தானியரின் வீதிச் சட்டம் எட்டவில்லை, நல்லகாலம். எல்லா நாட்டுக்கும் ஒரே பக்கம்.

காகிதத்தில் விதி இருந்தால் போதுமா? 1922 ஏப்ரல் 7, பிரான்சின் வடக்கில் பிக்கார்டி. லண்டனிலிருந்து பாரிஸுக்குத் தபால் கொண்டுபோன டெய்ம்லர் கம்பனியின் விமானமும், பாரிஸிலிருந்து லண்டனுக்குப் பயணிகளோடு போன பிரெஞ்சு விமானமும் மூடுபனியில் தாழப் பறந்தன. அந்தக் காலத்தில் வழி கண்டுபிடிப்பது கீழே தெரியும் வீதியைப் பார்த்துத்தான். இருவரும் பார்த்தது ஒரே வீதி, எதிரெதிர்த் திசையில். இரண்டிலுமாக 7 பேர் இறந்தார்கள். பயணிகள் விமானங்கள் இரண்டு நடுவானில் மோதிய முதல் சம்பவம் இது. இதற்குப் பிறகுதான் அந்த வழித்தடத்தில் பறந்த கம்பனிக்காரர்கள் கூடிப்பேசி, கீழே தெரியும் வழியின் வலப்பக்கமாகவே எல்லாரும் பறப்பது என்று முடிவெடுத்தார்கள். பதினெட்டு வளைவு வீதியில் பஸ் ஓட்டுகிற அண்ணன்மார் இதைக் கேட்டால் 'இதுக்கா கூட்டம் போட்டாங்க' என்று சிரிப்பார்கள்.

கோபுரமும் அதே காலத்தில்தான் முளைத்தது. லண்டனின் குரொய்டன் விமான நிலையத்தில் 1920இல் கட்டியதைத்தான் உலகின் முதல் கட்டுப்பாட்டுக் கோபுரம் என்கிறார்கள். அமெரிக்காவின் சென் லூயிஸில் 1929இல் கோபுரம்கூட இல்லை. ஆர்ச்சி லீக் என்ற ஒருவர் ஒரு தள்ளுவண்டியில் கதிரை, வெயிலுக்கு ஒரு குடை, இரண்டு கொடி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் ஓடுபாதையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். கட்டம் போட்ட கொடி என்றால் போ, சிவப்பு என்றால் நில். இன்றைக்கு அவரை அமெரிக்காவின் முதல் விமானக் கட்டுப்பாட்டாளர் என்று கொண்டாடுகிறார்கள். எங்களுக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த ஆள் இவர்தான்.

எங்கள் பக்கம் அப்போது பிரச்சினையே இல்லை. 1935 நவம்பர் 27, இரத்மலானையில் முதல் விமானம் இறங்கியது. மதராஸிலிருந்து டின்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த சின்ன விமானம் அது. மோதுவதற்கு இன்னொன்றைத் தேடித்தான் பிடித்திருக்க வேண்டும். நிலைமையை மாற்றியது யுத்தம். களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தவில் பிரித்தானியக் கடற்படை ஓடுபாதை போட்டது. தெற்கே கொக்கலை வாவி பறக்கும் படகுகளின் தளமானது. ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதை 1942 ஏப்ரல் 4 அன்று கண்டு அறிவித்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் எழும்பியது அந்த வாவியிலிருந்துதான். ஆக, பொல்கொல்லவில் தண்ணீரில் விமானம் இறங்குவது சுற்றுலாக்காரர்களின் புதுப் பவுசு இல்லை, இந்தத் தீவுக்கு அது பழைய பழக்கம்.

யுத்தம் முடிந்தபோது உலகம் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான சின்ன ஓடுபாதைகள் மிஞ்சின. எல்லாவற்றுக்கும் கோபுரம் கட்டிச் சம்பளம் கொடுக்க எந்த அரசாலும் முடியாது. அமெரிக்காவை எடுங்க. பொதுப் பாவனைக்கான விமான நிலையங்கள் சுமார் 5000, கோபுரம் உள்ளவை சுமார் 500. மற்ற எல்லா இடத்திலும் விமானிகளே தங்களுக்குள் சமாளிக்கிறார்கள்.

எப்படிச் சமாளிக்கிறார்கள்? முதலாவது, சுற்று. இறங்க வருகிறவர் நேரே வந்து விழுவதில்லை. ஓடுபாதையைச் சுற்றி ஒரு நீள்சதுரம் இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். வழக்கமாகத் தரையிலிருந்து 1000 அடி உயரத்தில், காற்றின் போக்கில் ஓடுபாதைக்குச் சமாந்தரமாகப் பறந்து, பிறகு இரண்டு தரம் திரும்பி, காற்றுக்கு எதிராக இறங்குவார்கள். திருப்பம் எல்லாம் இடப்பக்கம், ஏனென்றால் விமானி உட்கார்வது இடப்பக்க இருக்கையில், அவருக்கு அந்தப் பக்கம்தான் நன்றாகத் தெரியும். எல்லாரும் ஒரே வட்டத்தில் ஒரே பக்கமாகச் சுற்றினால், மற்றவரை எங்கே தேட வேண்டும் என்று தெரியும். பெரஹெராவில் யானைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது மாதிரி. நடுவில் யாரும் குறுக்கே ஓடாதவரை சரி.

சுற்றில் இரண்டு பேர் ஒன்றாக இறங்க வந்தால் தாழ இருப்பவருக்கே முதலிடம். ஆனால் முதலிடம் கிடைக்கட்டும் என்று வேண்டுமென்றே தாழ்ந்து வந்து முன்னுக்குப் புகக்கூடாது என்று அதே விதியில் ஒரு கொக்கியும் இருக்கிறது. அதை எழுதியவருக்குக் கண்டி பஸ் ஸ்டாண்ட் தெரிந்திருக்குமோ என்னவோ.

தண்ணீரில் இறங்குவதென்றால் இன்னும் ஒரு சிக்கல். மேற்பரப்பைத் தொட்ட பிறகு விமானம் பாதி கப்பல். அங்கேயும் வலப்பக்கத்தில் இருப்பவருக்கு வழி, அவர் ஓட்டுவது விமானமா வள்ளமா என்பது கணக்கில்லை.

இவ்வளவுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கண். பார், விலகு. அரை நூற்றாண்டுக்கு மேல் விமானப் பாதுகாப்பு இதில்தான் தொங்கியது. கண்ணை நம்பலாமா என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டு சின்ன விமானங்கள் மணிக்கு 185 கிலோமீற்றர் வேகத்தில் நேருக்கு நேர் வருகின்றன. ஒரு செக்கனுக்கு 100 மீற்றருக்கும் மேல் நெருங்குகின்றன. மற்றதைக் கண்டு, அது என்னவென்று புரிந்து, மோதப்போகிறோம் என்று உணர்ந்து, கையை அசைத்து, விமானம் திரும்பத் தொடங்க 12.5 செக்கன் தேவை என்பது அமெரிக்க விமானத்துறை விமானிகளுக்குச் சொல்லும் கணக்கு. அதாவது 1.3 கிலோமீற்றர் தூரத்திலேயே கண்டிருக்க வேண்டும். 11 மீற்றர் அகல இறக்கை அவ்வளவு தூரத்தில் ஏறக்குறைய முழுநிலாவின் அகலம்தான் தெரியும். அதுவும் நிலா மாதிரி வட்டமாக இல்லை, மெல்லிய கோடாக.

இதைவிட மோசமான இன்னொன்றும் இருக்கிறது. மோதும் பாதையில் நேராக வரும் விமானம் உங்கள் கண்ணாடியில் அசையாது. அசைகிற விமானம் என்றால் அது வேறெங்கோ போகிறது. அசையாமல் ஒரே புள்ளியில் நின்று, கடைசி நேரத்தில் சட்டென்று பெரிதாவதுதான் உங்களிடம் வருவது. மனிதக் கண்ணோ அசைவதைப் பிடிக்கப் பழகிய கண். கண்ணாடியில் ஒட்டிய பூச்சிக்கும் எதிரே வரும் விமானத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்று சொல்வது சும்மா பேச்சில்லை. அதோடு மிலான் சங்கதியும் சேரும். இறக்கை மேலே உள்ள விமானத்தில் மேற்பக்கம் மறைகிறது, இறக்கை கீழே உள்ளதில் கீழ்ப்பக்கம் மறைகிறது. இரண்டாம் வகை மேலேயும் முதல் வகை கீழேயுமாக இறங்கி வந்தால் ஒருவருக்கும் மற்றவர் தெரியவே மாட்டார்.

அவுஸ்திரேலியாவின் விமான விபத்து விசாரணைப் பணியகம் 1991இல் இதைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் எங்களைப் பிடித்து நிறுத்தியது ஓர் எண். 'அங்கே ஒருவர் இருக்கிறார்' என்று முன்னமே தெரிந்து தேடுகிற கண், தெரியாமல் தேடுகிற கண்ணைவிட எட்டு மடங்கு பலன் தரும். கண் அதே கண்தான். சொல்லிவைத்தால் எட்டு மடங்கு.

அந்தச் சொல்லிவைத்தல்தான் ரேடியோ. கோபுரம் இல்லாத இடத்துக்கென்று ஓர் அலைவரிசை ஒதுக்கியிருப்பார்கள். அதில் யாரும் யாருக்கும் கட்டளையிடுவதில்லை. தான் யார், எங்கே இருக்கிறேன், என்ன செய்யப்போகிறேன் என்று பொதுவாகச் சொல்வது மட்டும்தான். எங்கள் மொழியில் பேச்சுக்குச் சொன்னால் இப்படி வரும்: 'பொல்கொல்லவில் இருப்பவர்களுக்கு, வெள்ளைக் கரவான், கிழக்கே ஐந்து மைல், இறங்க வருகிறேன், பொல்கொல்ல.' ஊர்ப்பெயரை முன்னாலும் பின்னாலும் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒரே அலைவரிசையைப் பல இடங்கள் பங்கிட்டுக்கொள்ளும், தொடக்கம் காதில் விழாவிட்டால் கடைசியாவது விழட்டும் என்றுதான்.

மலைநாட்டுக்காரருக்கு இது புதிதில்லை. முன்னால் தெரியாத வளைவில் ஹோர்ன் அடிப்பது இதேதான், 'நான் வருகிறேன்' என்று சொல்வது. எங்கள் ரயில் பாதையின் முறை இதற்கு நேர் எதிர். ஒற்றைத் தண்டவாளத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் தருகிற டெப்லட் வளையம் கையில் இல்லாமல் ரயில் நகராது. அந்தத் துண்டுக்கு ஒரு நேரத்தில் வெளியே வருவது ஒரு வளையம்தான், ஆகவே ரயிலும் ஒன்றுதான். ரயில் அனுமதியால் ஓடுகிறது, வளைவு பஸ் அறிவித்தலால் ஓடுகிறது. கோபுரம் உள்ள விமான நிலையம் ரயில் மாதிரி, இல்லாதது பஸ் மாதிரி.

பஸ் முறையின் பலவீனம் முழுமையாக வெளிப்பட்டது 1996 நவம்பர் 19, அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் குவின்சி என்ற சின்ன விமான நிலையத்தில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அங்கே கோபுரம் இல்லை. ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டும். மாலை நேரம், 12 பேரோடு ஒரு பயணிகள் விமானம் ஒரு பாதையில் இறங்க வந்துகொண்டிருந்தது. வெட்டும் பாதையின் தொடக்கத்தில் இரண்டு விமானங்கள் நின்றன. முன்னால் இரட்டை எஞ்சின் கிங் எயார், அதன் பின்னால் தன் முறைக்காகக் காத்திருந்த சின்ன சரோக்கி. இறங்க வந்தவர்கள் முறைப்படி பலதரம் அறிவித்தார்கள். கடைசியாக, பாதையில் நிற்பவர் நிற்கப்போகிறாரா எழும்பப்போகிறாரா என்று நேரடியாகவே கேட்டார்கள். பதில் வந்தது, நிற்கிறோம் என்று. ஆனால் பதில் சொன்னது பின்னால் நின்ற சரோக்கி. அந்தப் பதிலின் ஒரு பகுதி, இறங்கும் விமானத்துக்குள்ளேயே உயரம் சொல்லி எச்சரிக்கும் கருவியின் சத்தத்தில் மறைந்துபோனது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நம்பி நன்றி சொல்லி இறங்கினார்கள். கிங் எயார் ஒன்றுமே சொல்லாமல் ஓடத் தொடங்கியிருந்தது. பாதைகள் வெட்டும் இடத்தில் மோதல். இரண்டிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் இருந்தவர்களைக் கொன்றது மோதிய அடி இல்லை, கதவு திறக்க முடியாமல் போனதும் புகையும் நெருப்பும்தான். தீயணைப்பு ஆட்கள் நிலையத்தில் இல்லை.

விசாரணையில் கிங் எயார் விமானிகள் அலைவரிசையைக் கவனிக்கவில்லை, சுற்றிப் பார்க்கவும் இல்லை என்பது முதல் காரணமாக வந்தது. சரிதான். ஆனால் எங்களை உறுத்துவது மற்றப் பக்கம். இறங்க வந்தவர்கள் எல்லாம் ஒழுங்காகச் செய்தவர்கள். அறிவித்தார்கள், கேட்டார்கள், பதில் வந்தது. எதிர்பார்த்த பதில் வந்ததால் சொன்னது யார் என்று திருப்பிக் கேட்கவில்லை. வளைவில் ஹோர்ன் சத்தம் கேட்டது, அடித்தது எந்த பஸ் என்று தெரியாது.

2022 ஓகஸ்ட் 18, கலிபோர்னியாவின் வொட்சன்வில்லில் நடந்தது இன்னொரு மாதிரி. அங்கே இருவரும் பேசினார்கள், இருவருக்கும் மற்றவர் இருப்பது தெரியும். சின்ன செஸ்னா சுற்றில் முறைப்படி வந்தது. பெரிய இரட்டை எஞ்சின் விமானம் சுற்றுக்குள் வராமல் தூரத்திலிருந்தே நேராக, மற்றதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் வந்தது. பின்னால் வருகிறவரின் வேகம் சின்ன விமானத்தின் விமானிக்குப் புரிந்தபோது நேரம் போய்விட்டது. 3 பேர் இறந்தார்கள். பேச்சு இருந்தது, பொது வழக்கம் இல்லை. நேராக வருவது அங்கே சட்டப்படி குற்றம் இல்லை என்பதுதான் கொடுமை.

2025 ஜூலை 8, கனடாவின் மனிடோபாவில் ஸ்டைன்பக் அருகே, கோபுரம் இல்லாத ஒரு பயிற்சி ஓடுபாதை. எழும்பி இறங்கிப் பழகிக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள், தனித்தனி செஸ்னாவில், ஒரே நேரத்தில் இறங்க வந்து மோதி இறந்தார்கள். ஒருவர் கேரளத்திலிருந்து போனவர். இரண்டிலும் ரேடியோ இருந்தது என்று பயிற்சி நிலையத்தினர் அப்போதே சொன்னார்கள். இருவருக்கும் எங்கட வயசு.

இப்போதெல்லாம் தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவிகள் வந்துவிட்டன, மற்றவர் எங்கே என்று திரையிலேயே தெரியும். நல்லதுதான். ஆனால் எல்லா விமானத்திலும் இருந்தால்தான் பயன். ஒன்றில் இல்லாவிட்டால் திரை வெறுமையாக இருக்கும், வெறுமையான திரையை நம்பி வெளியே பார்க்காமல் விடுவது இன்னும் ஆபத்து.

திரும்பக் கண்டிக்கு வருவோம். பொல்கொல்லவில் இப்போது பாதுகாப்பாக இருப்பது பெரிதும் போக்குவரத்துக் குறைவு என்பதால். வருகிறவர்கள் சிலர், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இது வழக்கத்தின் பாதுகாப்பு இல்லை, வெறுமையின் பாதுகாப்பு. இரண்டும் ஒன்றில்லை. மலைகளுக்கு நடுவில் புத்தகத்தில் உள்ள அழகான நீள்சதுரச் சுற்றுக்கு இடமும் குறைவு. பள்ளத்தாக்கு விடுகிற வழியால்தான் வர வேண்டும். எல்லாரும் அதே வழியால்.

வெறுமை ஒரே நாளில் மாறலாம் என்பதை 2025 நவம்பர் கடைசியில் பார்த்தோம். டித்வா புயலில் வீதிகள் அறுந்து ஊர்கள் தனித்துப் போனபோது, இலங்கை விமானப்படையின் ஹெலிகொப்டர்களோடு இந்திய ஹெலிகொப்டர்களும் மலைநாட்டுக்கு வந்தன. கொத்மலைப் பக்கத்திலிருந்து ஆட்களை ஏற்றி இறக்கினார்கள். அப்படியான நாட்களில் விளையாட்டு மைதானமும் வயலோரமும் கோபுரம் இல்லாத விமான நிலையங்கள்தான். வெவ்வேறு நாட்டு விமானிகள், தெரியாத மலை, மோசமான வானிலை.

குண்டசாலையில் உள்ளூர் விமான நிலையம் அமைப்பது பற்றி அரசாங்கங்கள் பேசியிருக்கின்றன, பேச்சு திரும்ப வந்தாலும் ஆச்சரியமில்லை. பேச்சு வரும்போதெல்லாம் வாதம் நடப்பது காணி யாருடையது, சுற்றுலாக்காரர் எத்தனை பேர் வருவார்கள் என்பது பற்றித்தான். காணிக் கேள்வி மிக முக்கியம், அதைத் தனியாகவே எழுத வேண்டும். அதோடு சேர்த்து இன்னும் சிலதைக் கேட்க வேண்டும். கோபுரம் உண்டா, இல்லையா? இல்லையென்றால் அலைவரிசை எது, அது பொல்கொல்லவோடு பங்கா? இரண்டுக்கும் இடையே சில கிலோமீற்றர்தான். சுற்று எந்தப் பக்கம்? மூடுபனிக் காலையில் மகாவலியைப் பார்த்து வழி பிடித்து இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்தால், ஆற்றின் எந்தக் கரையை யார் பிடிப்பது?